கடல்மேல் ஒரு மழைநாள்

மழை இருட்டிக்கொண்டு வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். வயல் செய்பவர்களுக்குப் பயிர். கடற்றொழில் செய்பவர்களுக்குக் கரையில் கிடக்கும் வலை. இடம்பெயர்ந்து வாழ்ந்த பெண்களுக்கோ கூரைதான். எந்த இடத்தில் ஒழுகும், அரிசிச் சாக்கை எங்கே தூக்கி வைப்பது, பிள்ளைகளை எந்த மூலையில் படுக்க வைப்பது என்று கை தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும். கல்வீடு கட்டிக் குடியேறிப் பத்து வருடங்கள் கடந்த பின்னும் இந்தப் பழக்கம் தம்மை விட்டுப் போகவில்லை என்று எமது தையல் நிலையத்துக்கு வரும் பெண்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

படகையே வீடாகக் கொண்ட ஒரு பெண் மழைநாளை எப்படிக் கழிக்கிறாள் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 2024 ஆம் ஆண்டு தை மாதம், திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு பாய்ப்படகில் மூன்று நாட்கள் தங்கினேன். அதில் நடுநாள் முழுவதும் மழை. அந்த ஒரு நாளைப் பற்றியும் அது என்னிடம் விட்டுச் சென்ற சில கேள்விகளைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

வாடைக் காற்று வீசும் மாதங்களில் தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளிலிருந்து சிறிய பாய்ப்படகுகள் வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கைக்கு வருகின்றன. ஏறக்குறையப் பத்து நாள் பயணம். போர்க் காலத்தில் இவர்கள் பெரும்பாலும் காலித் துறைமுகத்துக்கே வந்து போனார்கள். போர் முடிந்த பின்னரே திருகோணமலைக்கும் வரத் தொடங்கினார்கள். இவர்கள் எல்லோரும் பெரிய செல்வந்தர்கள் அல்லர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊரிலிருந்த வீட்டை விற்று, அந்தக் காசில் ஒரு படகை வாங்கி அதிலேயே வாழ்பவர்களும் உண்டு. நான் தங்கிய படகுக்காரர்களும் அப்படிப்பட்டவர்களே. அந்த அம்மா நியூசிலாந்தில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைக் கடந்திருக்கும். கணவரும் அவரும் ஒன்பது வருடங்களாகப் படகில் வாழ்கிறார்கள்.

அவருக்கும் எமக்கும் தொடர்பு ஏற்பட்டது ஒரு படங்கினால். படகின் மேல்தளத்துக்கு மேலே வெயிலுக்கும் மழைக்கும் கட்டும் பெரிய படங்கு கடற்பயணத்தில் கிழிந்துவிட்டது. அதைத் தைத்துத் தருவதற்கு ஆள் தேடிக் கடைத்தெருவில் விசாரித்தபோது யாரோ எமது தையல் நிலையத்தைக் காட்டிவிட்டிருக்கிறார்கள். பாடசாலைச் சீருடையும் தலையணை உறையும் தைக்கும் எமது பெண்களிடம் பாய்ப்படகின் படங்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அந்த அம்மா ஒரு கடுதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். எமது நிலையத்தில் மூத்தவரான அக்கா சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, தறப்பாளைப் பற்றி எங்களுக்கோ படிப்பிக்கிறா? நடுவில தண்ணி தேங்கினால் கிழியும். ஒரு பக்கம் சரிவு விடவேணும். கயிறு போடுற ஓட்டையைச் சுற்றி இரண்டு மடிப்பு வைச்சு அடிக்காட்டில் காத்து இழுத்துக்கொண்டு போயிடும். கேட்டுச் சொல்லும், சரிவை எந்தப் பக்கம் விடுறதெண்டு."

நான் அதைச் சொன்னபோது அந்த அம்மா வியப்புடன் இந்தப் பெண்களுக்குப் படகு ஓட்டிப் பழக்கமா என்று கேட்டார். இல்லை, இவர்கள் பல வருடங்கள் தறப்பாளின் கீழ் வாழ்ந்தவர்கள் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. தான் கீறிய படத்தை மடித்து வைத்துவிட்டு அக்காவிடம் பென்சிலைக் கொடுத்தார்.

படங்கு முடிந்த கிழமை அவருடைய கணவருக்குக் கொழும்புக்குப் போகவேண்டிய தேவை ஏற்பட்டது. படகின் நீரிறைக்கும் பம்புக்கு ஒரு பாகம் வாங்கவேண்டும். நங்கூரத்தில் நிற்கும் படகை ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது. தனியே இருப்பதும் பாதுகாப்பில்லை. துணைக்கு ஒரு பெண் வந்து நின்றால் நல்லது என்று கேட்டார். துறைமுகத்தில் அடையாள அட்டைப் பிரதி கொடுத்து, அனுமதி எடுத்துக்கொண்டு நான் போனேன். எனது அம்மாவுக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதிக்குப் பின்னர் அம்மா கடற்கரையில் கால் வைத்ததில்லை. "நிலத்தில இடமில்லாமலோ கடலில படுக்கப் போறாய்?" என்று கேட்டு வாசல்வரை வந்தார்.

படகின் நீளம் 38 அடி. வெளியில் பார்ப்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே இறங்கினால் எமது நிலையத்தின் தையல் அறையை விடச் சிறிது. அதற்குள்ளே குசினி, சாப்பாட்டு மேசை, படுக்கை, மலசலகூடம் எல்லாம் இருந்தன. அடுப்பு ஒரு ஊஞ்சல்போலத் தொங்கவிடப்பட்டிருந்தது. படகு சரிந்தாலும் சட்டி நிமிர்ந்தே நிற்கும். ஒவ்வொரு அலுமாரிக் கதவுக்கும் கொளுக்கி உண்டு. கோப்பைக்கு ஒரு குழி, கரண்டிக்கு ஒரு வார். இடமில்லாத வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும் என்பதை முகாம்களில் வாழ்ந்த பெண்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணியளவில் மழை தொடங்கியது. தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் எமக்குப் பழக்கம். படகில் அந்தச் சத்தம் தலைக்கு ஒரு முழம் மேலே கேட்கிறது. நான் எழும்புவதற்கு முன்னரே அந்த அம்மா எழும்பிக் கூரை யன்னல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார். மூடியவுடன் உள்ளே புழுக்கம். வெப்ப வலயத்தில் மழை பெய்தால் குளிரும் என்று வெளிநாட்டவர்கள் நினைப்பார்களாம். அடைத்த படகுக்குள் வியர்த்து வழிந்தது.

அடுத்த வேலை நங்கூரத்தைப் பார்ப்பது. மழையோடு காற்று வந்தால் நங்கூரம் அரைந்து படகு நகர்ந்துவிடும். அந்த இடத்தில் கடலின் ஆழம் 8 மீற்றர். அவர்கள் விட்டிருந்த சங்கிலி 40 மீற்றர். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட்டால்தான் அது அடித்தரையோடு படிந்து கிடந்து நங்கூரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று விளங்கப்படுத்தினார். வழக்கமாகக் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கோடு பிசகினால் படகு நகர்கிறது என்று அர்த்தம். அன்றைய மழையில் கரையே தெரியவில்லை. கோணேசர் மலை இருக்கும் திசையில் வெறும் சாம்பல் நிறந்தான். ஆகையால் திசைகாட்டும் கருவியில் எச்சரிக்கை மணியை வைத்துவிட்டு, அரைமணிக்கு ஒரு தடவை அணியத்துக்குப் போய்ச் சங்கிலியில் கைவைத்துப் பார்த்தார். நங்கூரம் அரைந்தால் சங்கிலியில் ஒரு நடுக்கம் தெரியுமாம். இரண்டாவது தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கைவைக்கச் சொன்னார். இறுகிய சங்கிலி அசையாமல் நின்றது.

வெளிச்சம் வரத் தொடங்கியதும் நாங்கள் இருவரும் படங்கைப் பார்க்க மேலே போனோம். அந்த மழை எமது பெண்களின் தையலுக்கு ஒரு சோதனையாகவே எனக்குப் பட்டது. தண்ணீர் நடுவில் எங்கும் தேங்கவில்லை. அக்கா சொன்ன சரிவின் வழியே ஓடி, மூலையில் தைத்திருந்த துணிக் குழாயால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா குழாயை உடனே தொட்டிக்குள் விடவில்லை. முதல் பதினைந்து நிமிட மழை உப்பையும் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு போகட்டும் என்று கடலுக்குள் விட்டார். அதன் பின்னரே குழாயைத் தொட்டியின் வாய்க்குள் செருகினார்.

வன்னியில் மீள்குடியேறிய பல வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டிகள் கட்டிக் கொடுக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் இதே விதிதான். முதல் மழையைக் குழாயைத் திருப்பி வெளியே விடவேண்டும். கூரையில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருந்தால் போதும். எமது பெண்கள் தைத்த படங்கு 3 மீற்றர் அகலம், 4 மீற்றர் நீளம். 12 சதுர மீற்றர். அதில் 20 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 240 லீற்றர். படகின் தொட்டிகள் இரண்டிலும் சேர்த்து 300 லீற்றர்தான் பிடிக்கும். மத்தியானத்துக்கு முன்னர் தொட்டி நிறைந்து வழிந்தது. பின்னர் வாளிகள், சட்டிகள், தேத்தண்ணிக் கேத்தல் என எல்லாவற்றிலும் பிடித்தோம். துணி தோய்த்தோம். தலை முழுகினோம். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து நான் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து அக்காவிடம் சொன்னேன். "ஒழுகேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அது ஒழுகாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒழுகியது படகுதான். பாய்மரம் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் ஒரு சொட்டு, ஒரு சொட்டாக எனது படுக்கையில் விழுந்தது. அந்த அம்மா ஒரு கோப்பையைக் கொண்டு வந்து வைத்தார். ஒன்பது வருடமாக இந்த ஒழுக்கைத் தேடுகிறார்களாம். அடைத்தால் இன்னொரு இடத்தால் வருமாம். தோய்த்த துணிகளை எங்கே காயப்போடுவது என்பதும் பெரிய பிரச்சினை. மேசையின் மேல், கதவின் மேல், சுக்கானுக்குப் போகும் ஏணியில் என்று எங்கும் ஈரத்துணி. கடல்நீர் பட்ட துணியை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அது ஒருபோதும் முழுதாகக் காயாது. துணியில் ஒட்டியிருக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் சுவரிலும் தலையணையிலும் பூஞ்சணம் பிடிக்கும். அதை வினாகிரி தோய்த்த துணியால் துடைத்தார். சூரிய ஒளித் தகட்டுக்கு வெயில் இல்லாததால் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டோம். இடி முழங்கியபோது எங்கள் இரண்டு தொலைபேசிகளையும் எடுத்து அடுப்பின் கீழுள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினார். உயர்ந்த பாய்மரத்தில் மின்னல் விழக்கூடும். விழுந்தால் இரும்புப் பெட்டிக்குள் இருப்பது தப்பும் என்பது கடலோடிகளின் நம்பிக்கை.

மத்தியானம் நான் சோறு வைத்து, தேங்காய்ச் சம்பலும் ரின்மீன் குழம்பும் செய்தேன். சாப்பிட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெளியே போகமுடியாது. கரை தெரியாது. நான்கு சுவர்களுக்குள் ஈரத்துணிகளின் கீழே இரண்டு பெண்கள் இருந்தோம். அப்போதுதான் அவர் படங்கு தைத்த பெண்களைப் பற்றிக் கேட்டார்.

நான் சொன்னேன். 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபோது செட்டிகுளத்தில் மெனிக்பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைக்கப்பட்டிருந்ததைச் சொன்னேன். அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்ததைச் சொன்னேன். மலசலகூடக் குழிகள் நிரம்பியதைச் சொன்னேன். 2012 ஆம் ஆண்டு செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. எமது நிலையத்திலுள்ள ஒரு பெண் என்னிடம் கூறிய ஒரு விடயத்தையும் சொன்னேன். இரவில் மழை பெய்தால் தனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் ஆறுதல் என்றார் அந்தப் பெண். பயம், கூடாரத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் என்பதால். ஆறுதல், அந்த இருட்டிலும் இரைச்சலிலும் கூடாரத்தின் பின்னால் நின்று யார் கண்ணிலும் படாமல் குளிக்கலாம் என்பதால். மற்ற நாட்களில் குழாயடியில் எல்லோரும் பார்க்கக் குறுக்குக்கட்டோடு குளிக்கவேண்டும். மாதவிலக்குத் துணியைக் காயவைப்பதற்கு மறைவான கொடி ஒன்றுகூட இல்லை. மழை பெய்தால்தான் தனக்கு ஒரு கதவு கிடைத்தது என்றார்.

அந்த அம்மா தாதியாக இருந்தவர் ஆகையால் அளவுகளில் கவனமாக இருந்தார். ஒரு முகாமில் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். தொண்டு நிறுவனங்கள் கைக்கொள்ளும் ஸ்பியர் கைநூல் 2000 ஆம் ஆண்டு முதற் பதிப்பாக வந்தது. அதன்படி அனர்த்த காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். கூரையின் கீழ் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும். அகதிகளுக்கு வழங்கப்படும் குடும்பக் கூடாரத்தின் உட்பரப்பு 16 சதுர மீற்றர் அளவில் இருக்கும். அதில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 3.2 தான் வரும். ஐந்து பேரோடு நின்றுவிட்ட கூடாரங்கள் எத்தனை என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் தன்னுடைய கணக்கைச் சொன்னார். கடலில் போகும்போது இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 லீற்றருக்கு மேல் நல்ல தண்ணீர் பாவிப்பதில்லை. ஆளுக்கு 5 லீற்றர். பாத்திரம் கழுவுவது கடல்நீரில். ஆகவே தண்ணீர்க் கணக்கில் பார்த்தால் அகதிக்கு விதிக்கப்பட்ட அளவிலும் குறைவாகவே அவர்கள் வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் அதைச் சுதந்திரமான வாழ்க்கை என்று அவர் சொல்கிறார். பொய் சொல்லவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

சமூகவியல் படித்தபோது எர்விங் கொஃப்மன் என்ற அறிஞர் 1961 ஆம் ஆண்டு எழுதிய நூல் ஒன்று எமக்குப் பாடமாக இருந்தது. வெளியுலகத்திலிருந்து பிரிக்கப்பட்டு, உறக்கம், வேலை, ஓய்வு எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் நடக்கும் இடங்களை அவர் ஒரு வகையாகச் சேர்த்திருந்தார். சிறைச்சாலை, மனநோய் வைத்தியசாலை, போர்க்கைதிகள் முகாம், படை முகாம் ஆகியவற்றோடு கப்பலையும் அதே பட்டியலில் வைத்திருந்தார். கப்பல் எப்படி இதில் வந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்த மழைநாளில் விளங்கியது. சுற்றிலும் தண்ணீர், இறங்க வழியில்லை, எல்லாம் ஒரே கூரையின் கீழ். இடத்தின் அமைப்பு ஒன்றுதான். ஆனால் அந்த அம்மாவின் படகில் நிர்வாகமே அவர்தான். கதவை உள்ளேயிருந்து பூட்டுவது அவர். எப்போது சமைப்பது, எப்போது குளிப்பது என்று முடிவெடுப்பது அவர். இந்த இடம் பிடிக்கவில்லை என்றால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். முகாமில் இருந்த பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சதுர மீற்றரும் லீற்றரும் அளக்கத் தெரிந்த எந்தக் கைநூலும் ஒரு கொளுக்கியின் பெறுமதியை முழுதாக அளந்துவிட முடியாது.

போகக்கூடிய சுதந்திரமும் எல்லோருக்கும் ஒரே மாதிரியானதல்ல. அவருடைய கடவுச்சீட்டைக் கண்டால் துறைமுகங்கள் திறக்கும். அதே கடலில் எமது மக்களும் போயிருக்கிறார்கள். 1938 ஆம் ஆண்டு, வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் எமது மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அது பெருமையோடு பேசப்படும் பயணம். கப்பலில் போன ஆண்களின் துணிவு பேசப்படும் அளவுக்கு, மாதக்கணக்கில் வீட்டைக் காத்த பெண்களின் பாடு பேசப்படுவதில்லை. பின்னர் 1983 இலிருந்து இராமேஸ்வரம் நோக்கிப் படகேறியவர்களும் எமது மக்களே. 2010 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சன் சீ என்ற கப்பலில் 492 பேர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். அவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். கரையிறங்கியவர்கள் தடுப்பில் வைக்கப்பட்டார்கள். பிடித்துப் போவதும் பிழைக்கப் போவதும் ஒன்றல்ல என்பதை அந்த அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அவரே அதைச் சொன்னார்.

மாலை நாலு மணிக்கு மழை சற்று விட்டபோது படகின் ஏணியடியில் தொங்கிய ஒரு மஞ்சள் நிறப் பையைப் பற்றி அவரிடம் கேட்டேன். வந்த நாளிலிருந்து அது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுத்து மேசையில் கொட்டினார். தண்ணீர் புகாத பை. அதற்குள் கடவுச்சீட்டுகள், மருந்து, ஒரு கைவிளக்கு, குடிதண்ணீர்ப் போத்தல், மூக்குக்கண்ணாடி, கொஞ்சக் காசு, படகின் பத்திரம். படகு தாழும் நிலை வந்தால் வேறெதையும் தேடாமல் அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மிதவைக்குத் தாவவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, காலாவதியான மருந்தை மாற்றி வைப்பாராம்.

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தப் பையை எமது பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், அங்கிருந்து விசுவமடு, பின்னர் புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நடந்தபோது கையில் இருந்த சொப்பிங் பை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கூட்டுறவு அட்டை, பிள்ளையின் கிளினிக் கொப்பி, நகை அடகு வைத்த துண்டு, காணி உறுதி. எல்லாவற்றையும் இழந்தும் அந்தப் பையை இழக்காமல் கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சேற்றிலே விழுந்து அந்தப் பை நனைந்ததால் இன்றுவரை அலைந்து திரிபவர்களும் இருக்கிறார்கள்.

படகின் பத்திரத்தை அவர் எனக்குக் காட்டினார். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. கணவருடைய பெயரும் அவருடைய பெயரும். வீட்டை விற்றுப் படகை வாங்கும்போது, தனது பெயரும் இல்லாவிட்டால் தான் கப்பலேறப் போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். "நான் இதில் விருந்தாளி அல்ல" என்றார்.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். நீங்கள் அத்தனை பாடுபட்டுக் காத்த அந்தப் பைக்குள் இருக்கும் காணிப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?

அரச காணிகளுக்கான அனுமதிப்பத்திரங்கள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டு வருகின்றன. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத போது யாருக்குக் காணி போகும் என்ற அந்தச் சட்டத்தின் பட்டியலில் நீண்ட காலமாக மகனுக்குப் பின்னரே மகள் வந்தாள். 2022 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே இந்த ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. சட்டம் மாறியது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது. அதேபோல், காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழ் மட்டுமே வழி என்றிருந்த நிலையும் மாறிவிட்டது. 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி காணக்கிடைக்காமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் பத்திரம் அல்ல. அவர் எங்கே என்ற உங்கள் கேள்வியை அது மூடிவிடாது. அதை வைத்துக்கொண்டு அலுவலகங்களில் உங்கள் அலுவல்களைப் பார்க்கலாம்.

கணவரின் பம்புப் பாகம் வந்து சேர்ந்தது. பங்குனி மாதத்துக்கு முன்னர் அந்தப் படகு மாலைதீவு நோக்கிப் போய்விட்டது. எமது நிலையத்தில் எஞ்சியது படங்கு வெட்டிய துண்டுகள்தான். நான் மஞ்சள் பையின் கதையைச் சொன்னதும் மூத்த அக்கா அந்தத் துண்டுகளை வீசவிடவில்லை. ஒரு முழ அகலத்தில் வெட்டி, வாயை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டும்படி பைகள் தைத்தார். மழையில் ஒரு மணித்தியாலம் கொடியில் தொங்கவிட்டு, உள்ளே வைத்த கடுதாசி நனையவில்லை என்று பார்த்த பிறகே கொடுத்தார். துண்டு முடிந்ததும் பெண்கள் தாங்களே துணி வாங்கி வந்து தைக்கத் தொடங்கினார்கள்.

நீங்களும் ஒன்று தைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் கையில் எடுக்கக்கூடிய இடத்தில் தொங்கவிடுங்கள். அசல் பத்திரங்களை அதற்குள் வைத்து, பிரதிகளை நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பத்திரங்களை உள்ளே வைக்கும்போது ஒவ்வொன்றையும் விரித்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

எமது நிலையத்தில் அப்படி வாசித்த ஒரு பெண்ணுக்கு, பதினைந்து வருடங்களாகத் தான் வரிசையில் நின்று, வேலி அடைத்து, கிணறு வெட்டிய காணியின் அனுமதிப்பத்திரத்தில் காணாமல் போன கணவரின் பெயர் மட்டுமே இருப்பது தெரியவந்தது. பின்னுரித்தாளர் என்று எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. கணவரின் தமையன் இப்போது அந்தக் காணியில் தனக்கும் உரித்து உண்டு என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். அவர் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டார். அடுத்த விசாரணை வருகின்ற மாதம். பத்திரங்கள் எல்லாம் அக்கா தைத்த பைக்குள் இருக்கின்றன. நானும் அவரோடு போகிறேன்.